பிளான் அப்ரூவல் சேவை: ஆன்லைன் ஓடுது, ஆள்தான் இல்லை

ஹோட்டலுக்கு ஸ்டார் போடுகிறோம், ஏ.சி. சர்வீஸ் பண்ண வந்த பையனுக்கும் போடுகிறோம். ஆயுசு முழுக்கச் சேர்த்த பணத்தைக் கொட்டி வீடு கட்டுகிறவர்கள் முதலில் வாசல் மிதிக்கிற சேவை பிளான் அப்ரூவல். அதற்கு மட்டும் யாரும் நிதானமாக விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. வயிறெரிந்து நாலு வரி திட்டுவார்கள், இல்லையென்றால் "எல்லாம் காசுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அடுத்து வீடு கட்டப் போகிறவருக்கு இரண்டாலும் பிரயோஜனம் இல்லை.

நான் உரிமம் பெற்ற கட்டட அளவையாளர். புறநகர் ரயில் நிலையம் ஒன்றை ஒட்டி, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். பிளானுக்குப் பிரதி எடுக்கிற அம்மோனியா பிரிண்ட் வாடையில் தலைவலி வந்த காலத்திலிருந்து இதே தொழில். அப்போது சுருட்டிய பிளானை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுவோம். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே அப்லோடு. சென்னையிலும் சுற்றிலுமாக இப்போது சென்னை, ஆவடி, தாம்பரம் என்று மூன்று மாநகராட்சிகள். நான் சொல்லப் போகிற மண்டல அலுவலகம் எதில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நாளைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும் என்பது ஒரு காரணம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, காலியாகக் கிடக்கிற நாற்காலிகள் மேல்தான் என்பது இன்னொரு காரணம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

சுயசான்றுத் திட்டம் என்று ஒன்று 2024 ஜூலையில் வந்தது. வந்தபோது போட்ட வரம்பு இது: மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி. அவ்வளவுக்குள் அடங்குகிற குடியிருப்பு என்றால், யாரும் பிளானைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், இடத்துக்கும் வர மாட்டார்கள். ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாம் ஏற்றி, "விதிப்படிதான் கட்டுவேன்" என்று உரிமையாளர் உறுதி கொடுத்து, தனித்தனியாக இல்லாமல் மொத்தமாக ஒரே கட்டணம் கட்டினால், க்யூஆர் கோடு போட்ட அனுமதி கையில் வந்துவிடும். கட்டி முடித்த பிறகு பணி நிறைவுச் சான்றும் வேண்டாம். 2,500 என்ற கணக்கை யோசித்துப் பாருங்கள். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. அரை கிரவுண்டும் ஒரு கிரவுண்டும் வைத்திருக்கிற நடுத்தரக் குடும்பங்களை அளவெடுத்துத் தைத்த வரம்பு அது.

பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரான ஒருத்தருக்கு இதில் போட்டேன். அரை கிரவுண்ட், கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். பணம் கட்டிய ரசீது வந்து, டீ சொல்லி, டீ வருவதற்குள் அனுமதி வந்துவிட்டது. மனுஷர் பிரிண்ட் அவுட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இவ்ளோதானா மேடம்? யாரும் வந்து பாக்கவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க சார்."

"அப்ப தப்பா இருந்தா?"

அதுதான் கேள்வி. முப்பது வருஷம் டிக்கெட்டும் சில்லறையும் சரிபார்த்த மனுஷருக்கு உடனே தோன்றிவிட்டது பாருங்கள். தப்பாக இருந்தால் உறுதி கொடுத்தவர்தான் மாட்டுவார், அனுமதியும் போகும். ஆகவே ஆபீஸில் ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்த வேலை முழுக்க இப்போது என் மேஜைக்கு வந்திருக்கிறது. எஃப்.எம்.பி. ஸ்கெட்சில், அதாவது சர்வே துறையின் நில அளவை வரைபடத்தில், இருக்கிற அளவும் இடத்தில் டேப் பிடித்தால் வருகிற அளவும் ஒன்றுதானா, தாய்ப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை பெயர் சரியாகத் தொடர்கிறதா, மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா, இல்லையென்றால் 2016 அக்டோபர் 20க்குள் பதிவாகி வரன்முறைப்படுத்தப்பட்டதா, கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடமான செட்பேக்கை நிஜமாகவே விட முடியுமா, இல்லை பேப்பரில் மட்டும் விட்டிருக்கிறோமா. இத்தனையும் நான் பார்க்கிறேன். அதனால் என் ஃபீஸும் ஏறியிருக்கிறது, மறைப்பானேன். "ஆன்லைன்ல உடனே கிடைக்குதே, அப்புறம் எதுக்கு மேடம் இவ்ளோ கேக்குறீங்க" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்: உடனே கிடைப்பதால்தான் கேட்கிறேன்.

ஆள் பற்றாக்குறையை அரசாங்கம் சமாளித்த விதங்களில் இதைத்தான் நான் மேலே வைப்பேன். சின்ன வீடுகளை வரிசையிலிருந்து எடுத்துவிட்டால், இருக்கிற நாலு இன்ஜினியர்களுக்குப் பெரிய ஃபைல்களைப் பார்க்க நேரம் கிடைக்கும். கணக்கு சரி. அந்த நேரம் எங்கே போகிறது என்பதைத்தான் அடுத்த ஃபைலில் பார்த்தேன்.

ஒரு கிரவுண்ட் இடம். அப்பா விட்டுப்போனது, மூன்று பிள்ளைகள். மூத்தவர் பள்ளிக்கூட ஆசிரியை, அவர் தங்கை அதே தெருவில் வாடகைக்கு இருக்கிறார், தம்பி குவைத்தில். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, கீழே தூண் மட்டும் நிறுத்தி வண்டி விடுகிற ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று மாடி, ஆளுக்கு ஒரு மாடி. எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு பரப்பு கட்டலாம் என்ற கணக்கு, 2 என்பதால் 4,800 சதுர அடி வரை போகலாம். ஆனால் 3,500ஐத் தாண்டுகிறது, மாடியும் ஒன்றுக்கு மேல். சுயசான்றுக்கு வாய்ப்பில்லை, ரெகுலர் வழிதான். எட்டு வீடு, 10,000 சதுர அடி வரைக்குமான குடியிருப்பை உள்ளாட்சி அமைப்பே பார்க்கலாம் என்று அதிகாரம் கொடுத்திருப்பதால் எழும்பூரில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இருக்கிற தாளமுத்து நடராசன் மாளிகைப் படி ஏற வேண்டியதில்லை. மண்டல ஆபீஸிலேயே முடிய வேண்டிய ஃபைல்.

அப்லோடு செய்தேன். சாஃப்ட்வேர் டிராயிங்கைப் படித்து, செட்பேக், உயரம், பார்க்கிங் எல்லாம் சரி என்று பச்சை காட்டியது. என் சின்ன வயசில் ஒரு சர்வேயர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த வேலையை மெஷின் காபி ஆறுவதற்குள் செய்துவிட்டது. ஃபைல் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) லாகினுக்குப் போனது.

அங்கேயே உட்கார்ந்தது.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு 'பரிசீலனையில்' என்று ஒரு சொல்தான் தெரியும். உள்ளே நடந்தது வேறு. அந்த ஏ.இ. மாறுதலில் போய்விட்டார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பக்கத்து யூனிட் ஏ.இ.க்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்தார்கள். அவருக்கு ஏற்கெனவே ஒரு கூடுதல் பொறுப்பு இருந்தது. ஆக மூன்று நாற்காலி, ஒரு ஆள். கூடுதல் பொறுப்பு என்று ஆர்டர் போட்டுவிட்டால் ஆபீஸ் கணக்கில் அந்த இடம் காலி இல்லை. ஆனால் பழைய ஏ.இ.யின் டிஜிட்டல் கையெழுத்தை எடுத்துவிட்டுப் புது ஆளுடையதை அந்த லாகினோடு இணைக்கிற வரை ஒரு ஃபைலும் நகராது. அந்த இணைப்பைக் கேட்டு எழுத வேண்டிய கிளார்க் சீட்டும் காலி. ரேஷன் கடைக்குப் புதுசாக பில் மெஷின் கொடுத்துவிட்டு எடை போட ஆள் போடாத மாதிரி.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அங்கே அவுட்சோர்சிங்கில் இருக்கிற டேட்டா என்ட்ரிப் பெண். அதிகாரப்படி அவளுக்கு எந்த அதிகாரமும் இல்லை. எந்த ஃபைல் எந்த லாகினில் தூங்குகிறது என்பது அந்த மாடியில் அவளுக்குத்தான் தெரியும். "அக்கா, உங்க ஃபைலு ரிட்டன் ஆகல, பயப்படாதீங்க. சார் லாகின்லயே இருக்கு, சாருக்குத்தான் இன்னும் லாகின் ஓபன் ஆகல" என்றாள். அவளுடைய கான்ட்ராக்ட் வருஷா வருஷம் புதுப்பிக்கிறது. புதுப்பிக்காமல் விட்டால் அந்த ஆபீஸின் ஞாபகசக்தியில் பாதி போய்விடும் என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

லாகின் திறந்த வாரம் மழை பிடித்தது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் சென்னையில் மாநகராட்சி இன்ஜினியர் என்றால் மோட்டார் பம்ப், மரம் அறுக்கிற மெஷின், சுரங்கப்பாதை. நான் போன அன்று அவர் மேஜை மேல் ரெயின்கோட் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு போனில் "மோட்டார் ஓடுது மேடம், தண்ணி இறங்கிடும்" என்கிறார், இன்னொன்று அடிக்கிறது, எதிரில் நான் பிளானோடு. சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது 'என் ஸ்டில்ட் பிளானைப் பாருங்க' என்று எந்த வாயால் சொல்வது? வணக்கம் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதில் ஒரு ஏ.இ.யையோ ஒரு மண்டலத்தையோ குறை சொல்லிப் பயனில்லை. 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையில் கணக்கு இருக்கிறது: நாடு முழுக்க மாநில நகரமைப்புத் துறைகளில் ஒப்புதல் பெற்ற பிளானர் பணியிடங்களே 4,000க்குக் கீழே, அதிலும் 42 சதவீதம் காலி, தேவையோ 12,000க்கு மேல். அந்தப் பணியிடங்களுக்கு நகரமைப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடப் பல மாநிலங்களில் இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. நம் ஊர்க் கதை என்ன? 2011இல் 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்து சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக்கினார்கள். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904க்குப் போனது. வரைபடத்தில் கோட்டை நகர்த்த ஒரு அரசாணை போதும். அந்தக் கோட்டுக்குள் டேப் பிடிக்க ஆள் எடுப்பதற்கு அறிவிப்பு, தேர்வு, வழக்கு, கலந்தாய்வு என்று வருஷங்கள் ஆகும். அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்குக் கொடுத்த பன்னிரண்டாவது அட்டவணையில் முதல் இனமே நகரமைப்புதான். முதல் இனத்துக்கே இந்த நிலைமை.

'ஆள் எதுக்கு, எல்லாத்தையும் சுயசான்று ஆக்கிடலாமே' என்று பில்டர் நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. 2014 ஜூன் 28 சாயங்காலம் மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் செத்தார்கள். அங்கேயும் பேப்பரில் அனுமதி இருந்தது. தரைக்கு மேல் ஒரு மாடி வீட்டுக்கு நான் பொறுப்பேற்கிறேன். மூன்று மாடி, நாலு மாடி என்று போகும்போது என்னைத் தவிர, என்னிடம் ஃபீஸ் வாங்காத இன்னொருத்தர் பார்க்க வேண்டும். அந்த இன்னொருத்தர் நாற்காலியில் இருக்க வேண்டும்.

சரி, அந்த ஆபீஸ் எப்படிச் சமாளித்தது என்ற விஷயத்துக்கு வருகிறேன். விமர்சனத்தின் சாரம் இங்கேதான்.

மழை விட்டதும் அந்த ஏ.இ. செய்த முதல் காரியம், கதவில் ஒரு ஏ4 தாள் ஒட்டியது. திங்கள், புதன் காலை பத்திலிருந்து ஒன்று வரை பார்வையாளர் கிடையாது, ஃபைல்களைப் பார்க்கிற ஸ்க்ரூட்டினி நேரம். முதல் வாரம் சண்டை. ஒரு கவுன்சிலர் ஆள் வந்து கதவைத் தட்டியதாகவும், டபேதார் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றதாகவும் கேள்வி. இரண்டாம் வாரத்திலிருந்து எல்லோரும் மதியத்துக்கு மேல் வர ஆரம்பித்தார்கள். என்னைப் போல வாரத்துக்கு நாலு தடவை எட்டிப் பார்த்தவர்கள் ஒரு தடவை பார்க்கிறோம். நாங்கள் எட்டிப் பார்த்த நேரம்தான் எங்கள் ஃபைல் பார்க்காமல் போன நேரம் என்பது எங்களுக்கே அப்புறம்தான் உறைத்தது.

இரண்டாவது, குறைகளை ஒரே தடவையில் எழுதிக் கொடுப்பது. இதன் அருமை தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். பழைய பழக்கம் என்னவென்றால், முதலில் பட்டாவில் இனிஷியல் தப்பு என்று ரிட்டன். அதைச் சரிசெய்து போட்டால் மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே என்று ரிட்டன். அதைக் காட்டினால் மாடிப்படி அகலம். ஒவ்வொரு தடவையும் ஃபைல் வரிசையின் கடைசிக்குப் போகும். ஆள் இல்லாத ஆபீஸில் இப்படி ரிட்டன் போடுவது ஏ.இ.க்கு வசதி, ஏனென்றால் அன்றைய கணக்குக்கு ஃபைல் அவர் லாகினை விட்டுப் போய்விடும். இவர் அப்படிச் செய்யவில்லை. எங்கள் ஃபைலுக்கு ஒரே கடிதத்தில் எல்லாக் குறையும் வந்தது. அதில் ஒன்று நியாயமில்லை என்று எனக்குத் தோன்றியது, 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன், படித்துப் பார்த்துவிட்டு அடித்துவிட்டார். எனக்கு இது பெரிய விஷயம். மூன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷர் விதியை எடுத்துப் படிக்கிறார்.

மூன்றாவது, சைட் இன்ஸ்பெக்ஷன். ஃபைல் வந்த வரிசைப்படி போகாமல், ஒரு பக்கத்து ஃபைல்களையெல்லாம் சேர்த்து வெள்ளிக்கிழமை காலை ஒரே ரவுண்டு. முதல் நாளே வாட்ஸ்அப்பில் செய்தி: நாலு மூலையிலும் கல் தெரிய வேண்டும், புல் வெட்டியிருக்க வேண்டும், லொகேஷனோடு படம் அனுப்ப வேண்டும், படம் வராத இடத்துக்கு வண்டி வராது. கறார்தான். ஆனால் பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஒரு இன்ஜினியர் நின்று ஹார்ன் அடித்த காலத்தைப் பார்த்தவள் நான்.

எங்கள் இடத்துக்குக் காலை ஏழேகாலுக்கு ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. லேசர் மீட்டரை இந்தப் பக்கச் சுவரில் வைத்து எதிர் வீட்டுச் சுவருக்கு அடித்தார். பத்திரத்தில் தெரு 23 அடி. மீட்டரில் அவ்வளவு வரவில்லை. எதிர் வீட்டுக்காரர் கார் ஏற்றச் சரிவு ஒன்று கட்டி, அதன் ஓரமாக ஒரு அடி உயரத்துக்குச் சுவரும் எழுப்பி, அதில் துளசி வைத்திருந்தார். சத்தம் கேட்டு லுங்கியைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார்.

"என்னா சார், இடிக்கப் போறீங்களா?"

"உங்களது இல்லீங்க, எதிர் வீட்டு அப்ரூவலுக்கு அளவு."

"அப்ப அவங்க வீட்டு அளவ அவங்க பக்கம் எடுங்க, எங்க வாசல்ல ஏன் வெச்சு அடிக்கிறீங்க?"

ஆசிரியை நடுவில் வந்து, "அண்ணே, தெரு அகலம்ணே, அங்கருந்து இங்கதான அளக்கணும்" என்று சமாதானம் சொன்னார். ஏ.இ. பேசாமல் சரிவை விட்டுவிட்டு, சாலையின் பழைய விளிம்புக் கல்லைக் காலால் மண்ணைத் தள்ளித் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து மறுபடி அடித்தார். 23 அடி சரியாக வந்தது. தெரு அகலத்தை வைத்துத்தான் முன்பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்பதே முடிவாகிறது. அந்தக் கல் கிடைக்காவிட்டால் பிளானையே மாற்றி வரைந்திருக்க வேண்டும். எந்த சாஃப்ட்வேரும் மண்ணுக்கடியில் கல் தேடாது. அதற்குத்தான் ஆள் வேண்டும் என்கிறேன். அவர் போனில் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த இடம் எங்கே என்று லிஸ்டைப் பார்த்துக்கொண்டே கிளம்பிவிட்டார். வைத்திருந்த காபியைக் குடிக்கவில்லை. ஆசிரியைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

சமாளிப்பில் பலிக்காததும் உண்டு. ரிட்டயரான ஒரு சீனியரைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். விதியெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறவர், என் முதல் பிளானைத் திருத்தியவர்களில் ஒருத்தர். ஆனால் அவருக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது. அவர் பார்த்து பென்சிலில் குறித்ததை ஏ.இ. மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் நாளைக்கு ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஒரு வேலை இரண்டு வேலையானது. அந்தப் பெரியவரை இளம் இன்ஜினியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். சொல்லிக்கொடுக்க இளம் இன்ஜினியர்தான் இல்லை.

இன்னொன்று புரோக்கர்கள். காலி நாற்காலியைச் சுற்றித்தான் அவர்கள் பிழைப்பு. ஏ.இ. சீட்டில் ஆள் இல்லாத வாரங்களில் என் கிளையன்டுக்கு ஒருத்தர் போன் போட்டு, "உங்க ஃபைல் மாட்டிக்கிச்சு, நான் எடுத்து வுடறேன்" என்றிருக்கிறார். எங்கேயும் மாட்டவில்லை, லாகின் திறக்கவில்லை, அவ்வளவுதான். குவைத் தம்பி ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப் காலில், "அக்கா, குடுத்து முடிச்சிரலாமா" என்கிறார். யாரிடம் கொடுப்பது, திறக்காத லாகினிடமா? கொடுக்காதீர்கள் என்றேன். கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியும்: லாகின் தானாகத் திறந்த அன்று அந்த ஆள் "பாத்தீங்களா, முடிச்சுட்டேன்" என்றிருப்பார்.

தாமதத்தின் செலவை யாரும் பில்லில் போடுவதில்லை. பழைய வீட்டை இடித்துவிட்டால் மூத்தவருக்கும் வாடகை, தங்கைக்கு ஏற்கெனவே வாடகை, ஹவுசிங் லோன் சாங்ஷன் லெட்டருக்கு ஒரு கெடு, மேஸ்திரி வேறு வேலை ஒப்புக்கொண்டுவிடுவார். கார்த்திகைக்குள் பூமி பூஜை என்றிருந்தது தை என்றானது. மார்கழியில் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள் என்பதால் ஒரு மாதம் ஆபீஸ் பழி, ஒரு மாதம் பஞ்சாங்கப் பழி.

மார்க் போட வேண்டுமென்றால்: இணையதளத்துக்கு ஐந்துக்கு நாலு. சுயசான்றுக்கு நாலரை, அரை குறைத்தது, உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு எதற்குப் போடுகிறோம் என்று தெரியாததால். அந்த மண்டல ஆபீஸில் இருக்கிற ஆட்களுக்கு ஐந்து. ஆள் எண்ணிக்கைக்கு ஒன்று, அதுவும் அந்த டேட்டா என்ட்ரிப் பெண்ணுக்காக.

போகலாமா என்று கேட்டால், போகாமல் முடியாது. வேறு கடை கிடையாது. ஆனால் போகிற விதம் இருக்கிறது. உங்கள் வீடு சுயசான்று வரம்புக்குள் வருமென்றால், இருநூறு சதுர அடி ஆசைக்காக அதைத் தாண்டாதீர்கள். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால், சித்திரை, வைகாசியிலேயே ஃபைலைப் போட்டுவிடுங்கள். ஐப்பசியில் போட்டால் பம்போடு போட்டி. போடுவதற்கு முன் உங்கள் இன்ஜினியரை இடத்துக்குக் கூட்டிப்போய் டேப் பிடிக்கச் சொல்லுங்கள், பத்திர அளவை நம்பி வரைகிறவரிடம் கொடுக்காதீர்கள். ஆபீஸில் 'ஃபைல் எங்கே' என்று கேட்காமல் 'யார் லாகினில் இருக்கு, எந்தத் தேதியிலிருந்து' என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் பத்து ரூபாயில் தகவல் உரிமை மனு போட்டு அதே இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள், முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். அதை மிரட்டலாகச் செய்ய வேண்டாம். இந்த நாற்காலி எத்தனை மாதமாகக் காலி என்பது எழுத்தில் வெளியே வந்தால் உள்ளே இருப்பவர்களுக்கும் நல்லதுதான், அவர்களும் ஆள் கேட்டு எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

மூன்று பிள்ளைகளின் அனுமதி தை பிறந்த பிறகு வந்தது. எட்டு வீட்டுக்குள், 14 மீட்டர் உயரத்துக்குள், 750 சதுர மீட்டருக்குள் என்பதால் முடிந்த பிறகு பணி நிறைவுச் சான்றுக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம், நேராக ஈ.பி. இணைப்புக்குப் போகலாம். இப்போது முதல் மாடி சென்ட்ரிங் நடக்கிறது.

அந்த ஏ.இ.க்கு மே மாதம் மாறுதல் இருக்கும் என்று பேச்சு. என் கையில் இரண்டு ஸ்டில்ட் பிளான் இருக்கிறது, ஒன்றுக்கு வில்லங்கச் சான்று வர வேண்டும், இன்னொன்றுக்கு பட்டாவில் பெயர் மாற வேண்டும். ஏப்ரலுக்குள் இரண்டையும் ஏற்றிவிடப் பார்க்கிறேன்.